கிழங்கு எப்போது தூங்கும்?

செங்கோட்டைக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்றும் சாரலும் இறங்கும். குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் கொல்லையில் கொடியில் போட்ட துணி காயாது. ஆவணி, புரட்டாசியில் கொஞ்சம் வெயில் தலைகாட்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கிழக்கிலிருந்து அடைமழை. இரண்டும் ஓய்ந்து மண் உள்ளே வரைக்கும் காய்வது தை பாதியிலிருந்து பங்குனி வரைதான். சித்திரையில் இடி இடித்து ஒரு கோடை மழை கொட்டினால் அதுவும் முடிந்தது.

இந்தக் கணக்கைச் சொல்லாமல் லில்லிப் பூக்களைப் பற்றி என்னால் பேச முடியாது. “என்ன கிழங்கு வாங்கலாம்?” என்று யார் கேட்டாலும், “உங்க ஊர்ல மண்ணு எந்த மாசம் காயும்?” என்றுதான் திருப்பிக் கேட்பேன். கிழங்குச் செடிகள் எல்லாமே ஏதோ ஒரு கடுமையான பருவத்தைத் தாண்டுவதற்காக மண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்ளக் கற்றவை. டியூலிப் தாண்ட வேண்டியது மத்திய ஆசியாவின் பனிக்காலத்தை. நாம் அமரில்லிஸ் என்று சொல்லும் ஹிப்பியாஸ்ட்ரம் தென் அமெரிக்காவில் மழையில்லாத மாதங்களைத் தாண்டியது. ஃபுட்பால் லில்லிக்கு ஆப்பிரிக்காவின் வறட்சி. பிறந்த ஊரில் எந்தப் பருவத்தில் இலை உதிர்த்துப் படுத்ததோ அதே மாதிரி ஒரு ஓய்வை நம் வீட்டிலும் கேட்கும். அந்த ஓய்வு நம் ஊர் வறண்ட மாதங்களோடு பொருந்தினால் வருஷா வருஷம் தானாகவே எழுந்து பூக்கும். பொருந்தாவிட்டால், என்ன உரம் போட்டாலும் சரி, ஒன்று அழுகும், இல்லையென்றால் வெறும் இலையாகவே நிற்கும்.

ஆகவே கடைக்காரரிடமோ, வீட்டில் வளர்த்து விற்பவரிடமோ முதலில் கேட்க வேண்டியது நிறத்தையும் விலையையும் அல்ல. இது எந்த மாதம் தூங்கும், எதனால் தூங்கும்: குளிராலா, வறட்சியாலா? இந்த ஒரு கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் நம்பி வாங்கலாம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது தென்மலைக்கு அந்தப் பக்கம், புனலூர் போகும் வழியில் இருக்கும் ஒரு சேச்சி. அவர் வீட்டு முற்றம் முழுக்கத் தொட்டிகள்தான். ஃபுட்பால் லில்லி, வண்ண இலைக் கலேடியம், மழை லில்லியில் பல நிறங்கள், கிணற்றடியில் கல்யாண சௌகந்திகம். செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்த பூமிதான் என்பதால் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னமும் மலையாளம் புழங்கும். சேச்சி மலையாளத்தில் பேசுவார், நான் தமிழில் பேசுவேன், செடி விஷயத்தில் எங்களுக்குள் ஒரு குழப்பமும் வந்ததில்லை. 1904-ல் போட்ட புனலூர் ரயில் பாதை அகலப்பாதையாகி 2018-ல் மறுபடி திறந்த பிறகு நேரிலேயே போய்வர முடிகிறது. மற்ற நாட்களில் ஸ்பீட் போஸ்ட்.

ஒரு புரட்டாசியில் அவரிடம் ஃபுட்பால் லில்லி கேட்டேன். பணம் அனுப்புகிறேன், உடனே அனுப்புங்கள் என்று சொன்னேன்.

“இப்போ வேண்டா மோளே. இலை நிக்குது. உறங்கட்டே. மகரம் கழிஞ்ஞு அயக்காம்.”

“சேச்சி, தை வரைக்கும் காத்திருக்கணுமா?”

“இலையோட பறிச்சா வேரு பொட்டும். பின்னே ரெண்டு கொல்லம் பூக்கில்லா.”

வாங்குகிறேன் என்று பணத்தோடு நிற்பவரிடம், இப்போது வேண்டாம் என்று சொல்லும் ஒருவரைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். மகரம் நம் தை. அயக்காம் என்றால் அனுப்பலாம், பொட்டும் என்றால் அறும், கொல்லம் என்றால் வருஷம். தை முடிந்ததும் பொட்டலம் வந்தது. நான்கு கிழங்கும் கையில் வைத்தால் கனமாக, கழுத்துப் பகுதி காய்ந்து சுருங்கி, அடித்தட்டு மட்டும் கல் மாதிரி உறுதியாக இருந்தன. தேங்காய்நார்க் கழிவில் புதைத்து, மலையாள மனோரமா தாளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, தாளின் மேலேயே பேனாவால் பெயர் எழுதியிருந்தார்.

பொட்டலத்தைப் பிரிப்பதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் முகர்ந்து பார்ப்பேன். மண் வாசனை இருந்தால் நல்லது. புளித்த வாசனை வந்தால் உள்ளே ஏதோ ஒன்று அழுகியிருக்கிறது என்று அர்த்தம். அதன்பின் ஒவ்வொரு கிழங்கையும் தலைகீழாகப் பிடித்து, வேர் புறப்படும் அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அங்கே அமுங்கவே கூடாது. மேல்தோல் உரிந்திருந்தாலும், தோலில் லேசாக நீலப்பூசணம் பூத்திருந்தாலும் பயமில்லை, உலர்ந்த துணியால் துடைத்துவிடலாம். அடித்தட்டு மெத்தென்று இருந்தால் அந்தக் கிழங்கைத் தொட்டியில் வைக்கவே வேண்டாம், மண்ணையும் சேர்த்துக் கெடுத்துவிடும். தோல் மடிப்புகளுக்குள் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருந்தால் மாவுப்பூச்சி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வேப்பெண்ணெய் கலந்த சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்து எடுப்பேன். காய்ந்த வேர்களைக் கத்தரித்து, அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர் மருந்தான சூடோமோனாஸ் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, நிழலில் ஒருநாள் உலர்த்திய பிறகுதான் நடுவது.

இத்தனையும் செய்துவிட்டு, நட்ட கையோடு ஒரு குடம் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் பலர். தூங்குகிற கிழங்குக்கு வேலை செய்யும் வேர் கிடையாது. ஊற்றுகிற தண்ணீரை அதனால் குடிக்க முடியாது, அதில் ஊறத்தான் முடியும். மண்ணை லேசாக ஈரப்படுத்திவிட்டு, முளை தலைகாட்டும் வரை தொட்டியைத் தாழ்வாரத்தில் வைத்து மறந்துவிட வேண்டும். செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்ப்பது என் வழக்கம். ஆற்றுமணல் கிடைக்காத இடத்தில் எம்-சாண்டை நன்றாக அலசிவிட்டுப் போடலாம்.

ஃபுட்பால் லில்லி எங்கள் மண்ணுக்கென்றே பிறந்தது போல நடந்துகொள்கிறது. கார்த்திகை, மார்கழியில் இலை மஞ்சளாகிப் படுக்கும். வறண்ட மாதங்கள் முழுக்கத் தொட்டியில் ஒன்றுமே இருக்காது. சித்திரையில் முதல் கோடை மழை விழுந்து சில நாளில், இலைக்கு முன்னாலேயே ஒரு தடித்த தண்டு மண்ணைப் பிளந்துகொண்டு வரும். அதன் தலையில் 100-க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பூக்கள் ஒரே உருண்டையாக விரிந்து, மஞ்சள் மகரந்த முனைகளோடு சிவப்பாக நிற்கும். பூ வாடிய பிறகே இலை எழும்பி, சாரல் மாதங்களில் செழித்து, அடுத்த வருஷத்துப் பூவுக்குச் சாப்பாடு சேர்க்கும். காலை வெயில் மட்டும் படும் இடம் போதும். தொட்டியை அடிக்கடி மாற்றினால் கோபித்துக்கொள்ளும், நெருக்கமாகவே விட்டுவிடுங்கள். இத்தனை பிடிவாதமாக நம் மழைக் காலண்டரைப் பின்பற்றும் இன்னொரு வெளிநாட்டுக் கிழங்கை நான் பார்த்ததில்லை.

மழை லில்லிக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ரோஜா நிறப் பூ கியூபாவிலிருந்தும், மெல்லிய குச்சி இலையுடைய வெள்ளை அர்ஜென்டினாவின் லா பிளாட்டா நதிக்கரையிலிருந்தும் வந்தவை. வறண்டு கிடந்த பிறகு ஒரு நல்ல மழை நனைத்தால் சில நாட்களில் வரப்போரம் முழுக்கப் பூத்துவிடும். மழை தள்ளிப்போனால் நாமே செய்யலாம்: இரண்டு மூன்று வாரம் தண்ணீரை நிறுத்தி, பிறகு தொட்டி வழிய வழிய ஊற்ற வேண்டும். கிழங்கு பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். அதனாலேயே சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள், அது நஞ்சு. பொட்டலம் வந்தவுடன் எங்கள் மதினி ஒருமுறை அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “இதென்னட்டி, உள்ளி வாங்கியிருக்கே?” என்று கேட்டார். அன்றிலிருந்து கிழங்கு வந்த பையை வீட்டுக்குள் கொண்டுவருவதே இல்லை, திண்ணையோடு சரி.

அமரில்லிஸ் விஷயத்தில்தான் எங்கள் ஊர் மழை நம்மைச் சோதிக்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் “இலை நல்லா வருது, பூவே இல்லை” என்று என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவை.

உலகில் மனிதர் கலப்பு செய்து உண்டாக்கிய முதல் ஹிப்பியாஸ்ட்ரம் 1799-ல் இங்கிலாந்தில், ஆர்தர் ஜான்சன் என்ற கடிகாரம் செய்பவரின் கையில் பிறந்தது. சிவப்புப் பூவில் நடுவே வெள்ளைக் கோடு. அதே சாயலில் சிவப்பும் வெள்ளைக் கோடுமாக ஒரு பூ எங்கள் பக்கத்து அக்ரஹாரத்துக் கிணற்றடிகளில் பங்குனி தோறும் பூப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறேன். யாரும் அதற்குத் தனியாக உரம் போட்டதில்லை. கிணற்றடி மேடாக இருக்கும், மழைத்தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். மார்கழிக்குப் பிறகு அந்த மூலைக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. அவ்வளவுதான் ரகசியம். ஹாலந்திலிருந்து வரும் பெரிய பூ ரகங்களும் கேட்பது அதையேதான்: எட்டிலிருந்து பத்து வாரம் வறண்ட ஓய்வு. கார்த்திகை மழை முடிந்தவுடன் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தித் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். இலை மஞ்சளானால் ஆகட்டும். மாசி கடைசியில் மேல்மண்ணைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் புது உரமண் போட்டுத் தண்ணீர் காட்டினால், கிழங்கின் பக்கவாட்டிலிருந்து பூத்தண்டு கிளம்பும்.

நடும்போது கிழங்கை முழுவதும் புதைக்கக் கூடாது. கழுத்தும் மேல் மூன்றில் ஒரு பங்கும் வெளியே தெரிய வேண்டும். இரண்டு மழையும் வாங்கும் ஊரில் இது இன்னும் முக்கியம், கழுத்துக்குள் ஈரம் தங்கினால் அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். தொட்டியும் கிழங்கைவிட ஒரு விரல்கடை அகலமாக இருந்தால் போதும்.

ஆர்டர் செய்யும்போது 24/26, 28/30 என்று எண்கள் போட்டிருப்பார்கள். அது கிழங்கின் சுற்றளவு, சென்டிமீட்டரில். பெரிய எண்ணுக்கு விலை அதிகம்தான், ஆனால் முதல் வருஷமே இரண்டு தண்டு வரும். சின்னது வாங்கினால் ஒன்றிரண்டு வருஷம் வளர்த்துத்தான் பூ பார்க்க முடியும். பொறுமை இருப்பவருக்குச் சின்னதே நல்லது, நம் மண்ணில் வளர்ந்த கிழங்கு நம் மழைக்குப் பழகியிருக்கும். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக ஓடியிருந்தால் மொசைக் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுவதுதான் மற்றச் செடிகளுக்குச் செய்யும் நன்மை.

இந்தக் குடும்பத்துச் செடிகள் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு புழுவை அறிந்திருக்க வேண்டும். லில்லிப் புழு, பாலிட்டெலா குளோரியோசே என்று பெயர். கறுப்பு உடம்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள், பக்கத்தில் ஆரஞ்சுச் சிவப்புத் திட்டுகள். பார்க்க அழகாகவே இருக்கும். முட்டைகளை இலையின் அடியில் குவியலாக வைக்கும். பொரிந்த குஞ்சுகள் முதலில் இலையின் பச்சையை மட்டும் சுரண்டுவதால் இலை அங்கங்கே கண்ணாடித் தாள் மாதிரி தெரியும். அந்த நிலையிலேயே பிடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் இலையை நடுநரம்பு வரை தின்று, கழுத்து வழியாகக் கிழங்குக்குள்ளேயே இறங்கிவிடும். செங்காந்தள், அமரில்லிஸ், விஷமூங்கில், ஸ்பைடர் லில்லி எதையும் விடாது. சாரல் விட்டு வெயில் வரும் நாட்களில் காலையில் காபிக்கு முன்னால் ஒருமுறை இலைகளைத் திருப்பிப் பார்ப்பேன். புழுவைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதைவிடச் சிறந்த மருந்து இதற்கு இல்லை. வேப்பெண்ணெய்த் தெளிப்பு சின்னப் புழுவாக இருக்கும்போதுதான் கேட்கும்.

செங்காந்தளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேக்கும் அதுவே தேசிய மலர். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன பூ. முகையில் பச்சை, விரியும்போது அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், முதிர்ந்தால் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இந்த எல்லா நிலைகளையும் ஒரே நாளில் பார்க்கலாம். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறும். எங்கள் பக்கத்தில் கார்த்திகைக் கிழங்கு என்பார்கள், கண்வலிக் கிழங்கு என்றும் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வதுண்டு. சேச்சி வீட்டில் மேந்தோன்னி. மேற்கத்திப் பருவமழையில் முளைத்து, புரட்டாசி முதல் கார்த்திகை வரை பூத்து, மார்கழியில் காய்ந்து, வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கும். மலையடிவாரத்து வேலியோரங்களில் யாரும் நடாமலே இந்தக் கணக்கில் அது வாழ்ந்துகொண்டிருக்கிறது.

ஆனால் செடி முழுக்க நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் இருக்கிறது. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருந்தாகும் அதே பொருள்தான், அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். மருந்துக் கம்பெனிகள் வாங்கும் விதைக்காக மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் இதைக் கம்பிப் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள். பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகி நேர்க்கோணத்தில் திரும்பி நிற்பதால், காய் பிடிக்க ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். பூத்திருக்கும் வயலில் காலை வேளையில் அந்த வேலையைப் பார்த்தால் ஒரு கிலோ விதைக்குப் பின்னால் எத்தனை விரல்கள் இருக்கின்றன என்று புரியும்.

சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் இதை வைக்க வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். வைக்கிறவர்கள் கையுறை போட்டு நடுங்கள், மிச்சக் கிழங்கைப் பெயர் எழுதி உயரத்தில் வையுங்கள். காட்டில் தோண்டி எடுத்து வந்ததை வாங்காதீர்கள், விளைவித்தவரிடமே கேளுங்கள். கிழங்கு ‘ட’ எழுத்தின் வளைவு போலவோ ஆங்கில எழுத்து ‘வி’ போலவோ இருக்கும், முளைக்கும் கண் நுனியில் மட்டும்தான். நுனி ஒடிந்தால் அந்தக் கரம் முளைக்காது. ஒருமுறை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியபோது, பிளாஸ்டிக் பையில் வெறுமனே போட்டு அனுப்பியதில் நுனியெல்லாம் முறிந்து வந்து சேர்ந்தது. அதன்பிறகு யாரிடம் ஆர்டர் கொடுத்தாலும், “அட்டைப்பெட்டியில வச்சு, சுத்தி நார்க்கழிவு அடைச்சு அனுப்புங்க” என்று எழுதியே கேட்கிறேன். வந்ததைப் படுக்கை வாட்டில், இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வைத்தால் போதும்.

சம்பங்கியைச் சொல்லாமல் விட முடியாது. மெக்சிகோவிலிருந்து வந்து நம் கோயில் மாலையோடு ஒன்றாகிப்போன கிழங்கு இது. சங்கரன்கோவில் சந்தையிலும் தோவாளையிலும் மூட்டை மூட்டையாக இறங்கும், அதில் பெரும் பங்கு மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகும். மாலைக்கும் வாசனைக்கும் ஒற்றைச் சம்பங்கி, பூச்சாடிக்கு அடுக்குச் சம்பங்கி. பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் ஒற்றை ரகம், மொட்டில் லேசான ரோஜாச் சாயல். சுவாசினி அடுக்கு. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்காகக் கேட்டு வாங்கி, ஆனி ஆடியில் நட்டால் மூன்று மாதத்தில் தண்டு வரும். நம் ஊர் வெப்பத்தில் இது தூங்குவதே இல்லை, ஆகவே வெயிலும் வடிகாலும் இருந்தால் வேறு கவலை கிடையாது. பூ மலர்வது சாயங்காலம். வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள், விளக்கேற்றும் நேரத்துக்கு வாசனை தானே உள்ளே வரும்.

இனி, எல்லோரும் கேட்கும் பெரிய லில்லிகள். ஆசியாடிக், ஓரியண்டல், ஸ்டார்கேசர் என்று படம் போட்டு விற்பவை. உண்மையான லில்லியம் இவைதான். படத்தில் நீல லில்லி காட்டினால் அந்த விற்பனையாளரிடம் வேறு எதுவும்கூட வாங்காதீர்கள், லில்லியத்தில் நீல நிறமே கிடையாது. இந்தக் கிழங்குகளுக்குத் தூக்கம் வருவது வறட்சியால் அல்ல, குளிரால். ஆறு முதல் எட்டு வாரம் 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் குளிர் பட்டால்தான் உள்ளே பூமொட்டு ஒழுங்காக உருவாகும். செங்கோட்டையில் மார்கழி விடிகாலையில்கூட அந்தக் குளிர் கனவிலும் வராது. ஹாலந்திலிருந்து குளிரூட்டிய கிழங்கு இறக்குமதியாகி ஐப்பசி, கார்த்திகையில் விற்பனைக்கு வரும். அதை வாங்கி உடனே நட்டால் மார்கழி, தையில் ஆசியாடிக் வகைகள் அருமையாகவே பூக்கும். அடுத்த வருஷம் குச்சி மாதிரி ஒரு தண்டு வரும், பூ வராது.

இதைத் தெரிந்துகொண்டு வாங்குவதில் தப்பே இல்லை. மார்கழி மாதம் வாசலில் ஒரு தொட்டி நிறைய ஆரஞ்சு லில்லி நிற்பது ஒரு சந்தோஷம்தான், அந்த ஒரு பருவத்துக்காக நானும் வாங்குவேன். மீண்டும் பூக்க வைத்தே தீருவேன் என்பவர்கள், இலை காய்ந்த பிறகு கிழங்கை எடுத்து, லேசான ஈரமுள்ள நார்க்கழிவில் சுற்றிப் பிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கலாம். பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது, பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். இந்தக் கிழங்குக்கு வெங்காயம் மாதிரித் தோல் உறை கிடையாது, பூண்டுப் பற்களை அடுக்கியது போலச் செதில்களாகவே இருக்கும், எனவே காற்றில் கிடந்தால் இரண்டே நாளில் வதங்கும். அடியில் இருக்கும் உயிருள்ள வேரை வெட்டாதீர்கள். கிழங்குக்கு மேலே தண்டிலும் வேர் விடும் என்பதால் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழமாக நட வேண்டும். அமரில்லிஸுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். பூனை வளர்ப்பவர்கள் லில்லியத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. இலை, பூ, மகரந்தம் எதை நக்கினாலும் பூனைக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

நம் மலைகளிலேயே ஒரு லில்லியம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிச் சரிவுகளில் பெரிய வெள்ளைக் குழல் பூவாக, நல்ல வாசனையோடு பூக்கும் நீலகிரி லில்லி. அந்த உயரமும் அந்தக் குளிரும் அதற்குச் சொந்தம். அங்கேயே இருக்கட்டும், அதைக் கேட்டு யாரும் ஆர்டர் போட வேண்டாம்.

டியூலிப்பைப் பற்றி ஒரு வரி. 12 முதல் 16 வாரம் 9 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடியில் டியூலிப் தோட்டம் திறந்ததற்குக் காரணம் அந்த ஊர்க் குளிர்காலம். போய்ப் பார்த்து மனம் நிறையலாம்.

அந்த ஆசையை வேறு பக்கம் திருப்ப நினைத்தால், சேச்சியின் கிணற்றடியில் நிற்கும் கல்யாண சௌகந்திகத்தை வாங்குங்கள். இஞ்சிக் குடும்பம். திரௌபதிக்காக பீமன் தேடிப்போன மலர் இதுதான் என்று கேரளத்தில் பெயரே வைத்துவிட்டார்கள். வெள்ளை வண்ணத்துப்பூச்சி மாதிரி இதழ், ராத்திரி முழுக்க வாசனை. இது ஈரத்துச் செடி, காய விடவே கூடாது. பாத்திரம் கழுவும் தண்ணீர் வடியும் இடம் இருந்தால் அங்கேயே வைக்கலாம். இதை அனுப்பும்போது மட்டும் உலர்த்தாமல், நனைந்த நாரில் சுற்றிப் பாலித்தீனில் கட்டி அனுப்பச் சொல்ல வேண்டும்.

எப்போது ஆர்டர் கொடுப்பது என்பதற்கு இப்போது பதில் தானாகவே வந்திருக்கும். ஃபுட்பால் லில்லி, கலேடியம், செங்காந்தள், அமரில்லிஸ் எல்லாம் தை, மாசியில். தூங்கும் கிழங்கு பயணத்தைத் தாங்கும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் வெந்துவிடும், ஆடிச் சாரலில் பூசணம் பிடிக்கும். லில்லியம் மட்டும் கார்த்திகையில், வந்த அன்றே நடுகிற மாதிரி. தபால் செவ்வாய், புதன் கிழமைக்குள் கிளம்பும்படி கேட்டுக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் மூட்டைக்குள் கிடக்காது.

கொஞ்ச வருஷம் போனால் உங்கள் தொட்டியிலேயே குட்டிகள் பெருகி நிற்கும், கொடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் ஆள் வேண்டும். அப்போது ஒரு வேலையைப் பூ இருக்கும்போதே செய்துவையுங்கள். காய்ந்த பிறகு எல்லாக் கிழங்கும் ஒன்று போலத்தான் இருக்கும், ரோஜா நிறம் எது, வெள்ளை எது என்று சேச்சியாலும் சொல்ல முடியாது. பூத்த அன்றே பழைய ஐஸ்கிரீம் டப்பாவை நீளமாக வெட்டி, பென்சிலால் நிறத்தை எழுதி, கிழங்குக்குப் பக்கத்தில் ஆழமாகக் குத்திவிடுங்கள். மார்க்கர் மையை எங்கள் ஊர் இரண்டு மழையும் சேர்ந்து அழித்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும்.